அசையும் பாவைகள் கொண்ட பழைய பிரெஞ்சுக் கடிகாரங்கள்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

19-ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் வசதியான குடும்பத்து வரவேற்பறை என்றால், கணப்படுப்பின் மேலுள்ள சலவைக்கல் பலகையில் ஓர் அலங்காரக் கடிகாரம் நடுநாயகமாக வீற்றிருப்பது வழக்கம். அந்தக் கடிகாரங்களுள் ஒரு சிறு பிரிவு நேரம் காட்டுவதோடு நில்லாமல் ஒரு காட்சியையும் நடத்திக் காட்டியது: கயிற்றின்மேல் ஆடும் பெண், அலைமேல் ஏறி இறங்கும் கப்பல், சுழலும் காற்றாலை, அலகைத் திறந்து பாடும் பறவை. அப்படியொரு கடிகாரத்தை முதன்முறையாக வாங்க நினைப்பவரும், ஏற்கெனவே கைக்கு வந்துவிட்ட ஒன்றை எங்கே தொடுவது என்று தெரியாமல் தயங்குபவரும் எந்த வரிசையில் எதைச் செய்ய வேண்டும் என்பதை இக்கட்டுரை சொல்கிறது.

எல்லாவற்றுக்கும் முன்பாக ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். இது ஒரே கூட்டுக்குள் இருக்கும் இரண்டு இயந்திரங்கள். நேரம் காட்டி மணியடிக்கும் பொறி, அக்காலப் பிரெஞ்சுத் தொழிற்கூடங்கள் ஏறக்குறைய ஒரே அமைப்பில் ஏராளமாகச் செய்து குவித்த வட்டமான பித்தளைப் பொறி. அதன் பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன, பழகிய மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். பாவைகளை ஆட்டும் பொறியோ பெரும்பாலும் தனி ஸ்பிரிங்கும் தனிச் சாவித்துளையும் கொண்டது. ஒரு வகைக்குச் செய்தது இன்னொன்றுக்குப் பொருந்தாது. பழுதானால் ஒவ்வொரு பாகத்தையும் புதிதாகச் செய்தாக வேண்டும். ஆகவே விலை பேசும்போதும், சோதிக்கும்போதும், சாவி கொடுக்கும்போதும், பழுது பார்க்கும்போதும் இரண்டையும் தனித்தனியாக மதிப்பிட வேண்டும். “கடிகாரம் நன்றாக ஓடுகிறது” என்று விற்பவர் சொல்லும் வாக்கியம் முதல் இயந்திரத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறது.

முதற்படி: எந்த வகை என்று தெரிந்துகொள்ளுதல்

சந்தைக்கு வருபவற்றுள் மிகப் பழையவை 18-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியையும், நெப்போலியன் காலத்தையும், அதையடுத்த முடியாட்சிக் காலத்தையும் சேர்ந்த பொன்முலாம் பூசிய வெண்கலக் கடிகாரங்கள். 1784-ஐ ஒட்டி ஃபுரே என்ற பாரிஸ் கடிகாரக் கலைஞர் செய்த ஆப்பிரிக்கப் பெண்ணின் தலையுருவக் கடிகாரத்தில், காதணியை இழுத்தால் ஒரு கண்ணில் மணியும் மறு கண்ணில் நிமிடமும் தோன்றும். அதில் ஒன்று இன்று பிரிட்டிஷ் அரச சேகரிப்பில் உள்ளது. கயிற்றின்மேல் ஆடும் பாவைகளைக் கொண்டவையும் இந்தக் காலப்பகுதியில் எழுந்தவையே. புதியவர் இவற்றை அருங்காட்சியகத்தில் பார்த்து மகிழ்வதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரிலுள்ள ஸ்பீல்க்ளாக் அருங்காட்சியகமும், அமெரிக்காவின் நியூ ஜெர்சியிலுள்ள மாரிஸ் அருங்காட்சியகமும் இத்தகைய இசைப் பொறிகளையும் அசையும் பாவைகளையும் பார்ப்பதற்கு ஏற்ற இடங்கள்.

இரண்டாம் வகை, நீள்வட்டக் கண்ணாடிக் கூட்டுக்குள் அமைந்த முழுக் காட்சி. வண்ணம் தீட்டிய துணியாலான கடல், அதில் தள்ளாடும் பாய்மரக் கப்பல், பாறைமேல் ஒரு கோட்டை, சில சமயம் பாலத்தைக் கடக்கும் ரயிலும் ஓர் ஆலையும் இருக்கும். கடிகாரம் கோட்டைச் சுவரிலோ கோபுரத்திலோ சிறிதாகப் பதிந்திருக்கும். இசைப்பெட்டி கீழேயுள்ள மரப்பீடத்துக்குள் ஒளிந்திருக்கும். இங்கே கடிகாரம் துணைப் பாத்திரம்தான்.

மூன்றாவது, பாடும் பறவைகள். பாரிஸின் போன்டெம்ஸ் குடும்பத் தொழிற்கூடம் இதற்குப் பெயர் பெற்றது. உள்ளே ஒரு சிறு துருத்தி காற்றை ஊத, ஒரு குழலுக்குள் நுண்ணிய பிஸ்டன் முன்னும் பின்னும் நகர்ந்து சுரத்தை ஏற்றி இறக்குகிறது. மேடு பள்ளமாக விளிம்பு வெட்டிய தட்டுகள் அந்தப் பிஸ்டனையும் பறவையின் அலகையும் வாலையும் ஒரே நேரத்தில் இயக்குவதால்தான் பாட்டும் அசைவும் பிசகாமல் சேர்ந்து போகின்றன. சில காட்சிகளில் அருவி விழுவதுபோல் தோன்றுவது முறுக்கிய கண்ணாடிக் கோல். அது நின்ற இடத்திலேயே சுழல்கிறது, நம் கண்ணுக்கு நீர் இறங்குகிறது.

நான்காம் வகைதான் புதியவர்கள் அதிகம் தேடுவது. ஆந்த்ரே ரொமேன் கில்மே என்பவரின் பெயரோடு இணைந்த தொழில்யுகக் கடிகாரங்கள் 19-ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியைச் சேர்ந்தவை. நீராவிச் சம்மட்டி, கலங்கரை விளக்கம், காற்றாலை, கப்பலின் மேல்தளத்தில் சுக்கான் பிடிக்கும் மாலுமி என்று அந்தக் காலத்து இயந்திரப் பெருமிதத்தை அப்படியே கணப்படுப்பின் மேல் ஏற்றிவைத்தவை இவை. வெண்கலத்தைப் பொன்னாகவும் வெள்ளியாகவும் கருமையாகவும் மாற்றி மாற்றி நிறமேற்றியிருப்பார்கள். கடிகாரத்தோடு காற்றழுத்தமானியும் வெப்பமானியும் சேர்ந்திருப்பதுண்டு. சிலர் இவற்றை அலங்காரம் குறைந்த முரட்டுப் பொருட்கள் என்பார்கள். என் பார்வையில் இந்த வகைக் கடிகாரங்களுள் நேர்மையானவை இவைதாம், ஏனெனில் இயந்திரத்தை மறைக்காமல் அதையே அழகாக்குகின்றன.

முன்சொன்ன இரண்டு இயந்திரக் கணக்குக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. சுக்கான் பிடிக்கும் மாலுமி இடவலமாகச் சாய்வது தனிப் பொறியால் அன்று. அவரே பெண்டுலத்தின் மேற்பகுதி. ஃபார்கோ என்ற பாரிஸ் கடிகாரக் கலைஞர் செய்த சிறு கடிகாரங்களில் ஊஞ்சலாடும் குழந்தையும் அப்படித்தான்: அது பக்கவாட்டில் ஆடாமல் முன்னும் பின்னுமாக ஆடும், அதுவே பெண்டுலக் குண்டு. இவற்றில் உடைந்த உருவத்துக்குப் பதிலாக வேறொன்றைப் பொருத்தியிருந்தால் நேரமே தவறிப்போகும்.

பிரெஞ்சு என்று சொல்லி விற்கப்படும் வேற்று நாட்டுப் பொருள்களையும் அறிந்திருக்க வேண்டும். கண்ணை உருட்டும் வார்ப்பிரும்பு மனித உருவங்கள் அமெரிக்காவில் செய்தவை. யானை தும்பிக்கையிலோ, ஒரு பெண் உயர்த்திய கையிலோ கடிகாரத்தையே ஏந்தி ஆட்டும் சிறியவற்றுள் பெரும்பாலானவை ஜெர்மனியில் செய்தவை.

இரண்டாம் படி: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

முகப்புத் தட்டில் எழுதியுள்ள பெயரைக் கண்டு மயங்க வேண்டாம். அது பெரும்பாலும் விற்ற கடைக்காரரின் பெயர். உண்மையைச் சொல்வது பின்தகடு. பின்கதவைத் திறந்து பின்தகட்டைத் தெளிவாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஜாப்பி, மார்ட்டி, வின்சென்டி, பொன்ஸ் ஆகிய பெயர்களுள் ஒன்று வட்ட முத்திரையாக இருக்கக்கூடும். அவர்கள் பொறியைச் செய்தவர்கள், பாவையைச் செய்தவர்கள் அல்லர். கில்மேயின் பொருள்களில் ஜி.எல்.டி. (GLT) என்ற எழுத்துகளைத் தேடுங்கள். எஸ்.ஜி.டி.ஜி. (SGDG) என்ற நான்கு எழுத்துகள் இருந்தால் அது 1844-க்குப் பிந்தைய பிரெஞ்சுக் காப்புரிமைக் குறி. தயாரிப்பாளரின் பெயர் என்று எண்ணிவிடாதீர்கள். முத்திரைக்குள் பொருட்காட்சிப் பதக்கத்தின் ஆண்டு இருந்தால், அது செய்த ஆண்டன்று. அந்த ஆண்டுக்கு முன்னால் செய்திருக்க முடியாது என்பதே அதன் பொருள். மார்ட்டியின் முத்திரையில் 1900 பாரிஸ் தங்கப்பதக்கம் குறிப்பிடப்பட்டிருக்க, விற்பவர் “1870-ஆம் ஆண்டுக் கடிகாரம்” என்றால் அங்கேயே பேச்சை நிறுத்திக்கொள்ளலாம்.

அதே பின்தகட்டின் அடியோரத்தில் தனித்தனியாக இரண்டு சிறு எண்கள் குத்தப்பட்டிருப்பதைக் காணலாம். உதாரணமாக ஒரு பக்கம் 5, மறுபக்கம் 3. மீட்டர் முறை வந்தபிறகும் பிரெஞ்சுக் கடிகாரத் தொழில் கைவிடாத பழைய அளவில், பெண்டுலத்தின் நீளம் 5 அங்குலம் 3 வரி என்று அவை சொல்கின்றன. பழைய பிரெஞ்சு அங்குலம் சுமார் 27 மில்லிமீட்டர். ஒரு அங்குலத்துக்கு 12 வரிகள். ஆக இந்தப் பெண்டுலம் ஏறத்தாழ 142 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பொறியின் வரிசை எண்ணைப் பெண்டுலக் குண்டின் பின்புறத்திலும் குத்தியிருப்பது உண்டு. எண்ணும் நீளமும் ஒத்துவரவில்லை என்றால் பெண்டுலம் மாறியிருக்கிறது, அல்லது பொறியே வேறு கூட்டிலிருந்து வந்திருக்கிறது.

பாவைப் பொறியைச் சோதிக்க ஒரே வழி, வெட்டி ஒட்டாத காணொளி. நின்ற நிலையிலிருந்து தொடங்கி, சாவி கொடுத்து, காட்சி முழுவதும் ஓடி, தானாக நிற்கும்வரை ஒரே மூச்சில் எடுத்ததாக இருக்க வேண்டும். இடையில் கை பட்டு உதவுகிறதா, கப்பல் ஒரு பக்கம் மட்டும் சாய்கிறதா, பறவையின் அலகு திறந்தும் ஒலி மெலிந்து காற்று மட்டும் வருகிறதா என்று கவனியுங்கள். கடைசியாகச் சொன்னது துருத்தியின் தோல் கிழிந்ததற்கான அடையாளம். அடிப்பகுதியின் படத்தையும் கேளுங்கள். பயன்படாத திருகுத் துளைகள், நட்சத்திரத் தலைத் திருகுகள், புதிய பளபளப்பான கம்பிகள் ஆகியவை, சாதாரணக் கடிகாரத்தோடு வேறொரு காட்சியைப் பிற்காலத்தில் ஒட்டவைத்ததைக் காட்டிக்கொடுக்கும். ரொபேர் ஊதென், ஃபாலிபுவா போன்ற புகழ்பெற்ற பாவைக் கலைஞர்களின் பெயர்கள் முத்திரையோ ஆவணமோ இல்லாமல் தாராளமாக ஒட்டப்படுகின்றன. பெயருக்காகத் தனியாகப் பணம் கொடுக்காதீர்கள்.

உருவங்கள் வெண்கலமா, துத்தநாகக் கலவையா என்பதை அடிப்பக்கத்து மறைவான கீறலில் பார்க்கலாம்: மஞ்சள் தெரிந்தால் வெண்கலம் அல்லது பித்தளை, சாம்பல் வெண்மை தெரிந்தால் துத்தநாகம். துத்தநாகம் என்பதால் போலி என்று ஆகாது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதுவே பரவலாக இருந்தது, விலைதான் வேறு. கண்ணாடிக் கூடு உடைந்திருந்தால் அதே அளவு நீள்வட்டக் கூடு தேடுவது கடிகாரத்தைத் தேடுவதைவிடக் கடினம் என்பதால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதானால் பறவையின் இறகும் அலகும் எதனாலானவை என்று முன்கூட்டியே விசாரியுங்கள்: ஹம்மிங் பறவைகளின் இறகும் யானைத் தந்தமும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கீழ் உள்ளவை, சுங்கத்தில் பொருளே சிக்கிக்கொள்ளும்.

மூன்றாம் படி: வீட்டில் நிறுத்துதல்

பெண்டுலத்தைக் கழற்றித் தனியே சுற்றித்தான் அனுப்ப வேண்டும் என்று விற்பவரிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள். பெட்டி வந்ததும் சாவியைத் தேடும் ஆசையை அடக்கிக்கொண்டு, முதல் நாள் பார்ப்பதோடு நிறுத்துங்கள். கண்ணாடிக் கூட்டை இருவர் சேர்ந்து நேர்மேலாகத் தூக்க வேண்டும். சாய்த்துத் தூக்கினால் முதலில் ஒடிவது கப்பலின் பாய்மரம். கழன்று விழுந்த துணுக்கு எதுவாயினும் ஒரு சிறு உறையில் போட்டுவையுங்கள்.

இடம் அசையாததாக, குளிர்பெட்டியின் அதிர்வும் நேர்வெயிலும் மின்விசிறியின் நேர்க்காற்றும் இல்லாததாக இருக்கட்டும். வெயில் துணிக் கடலையும் இறகுகளையும் வெளுக்கச் செய்யும். நம் ஊர்களில் இராமபாணப் பூச்சிக்கும் பழைய பட்டுக்கும் பசை தடவிய காகிதத்துக்கும் தீராத உறவு என்பதால், கண்ணாடிக் கூடு பீடத்தின் பள்ளத்தில் இடைவெளியின்றி உட்கார்கிறதா என்று பாருங்கள். கடலோர ஊர்க்காரர்கள் எஃகுப் பாகங்களில் துரு ஏறுகிறதா என்று மழைக்காலத்தில் அடிக்கடி பார்க்க வேண்டும்.

கடிகாரத்தை ரசமட்டம் வைத்து நிறுத்திப் பெண்டுலத்தை மாட்டுங்கள். பின்னால் பார்த்தால் பெண்டுலம் தொங்குவது மெல்லிய எஃகுத் தகட்டிலா, பட்டு நூல் வளையத்திலா என்று தெரியும். நூல் என்றால் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்தைய பொறி; அந்த நூலைத் தளர்த்தியும் இறுக்கியும்தான் நேரத்தைத் திருத்துவார்கள். ப்ரொகோ என்பவரின் எஃகுத் தகட்டு முறை வந்தபின், முகப்பில் 12-க்கு மேலே ஒரு சிறு துளையும், அதற்கென்று சாவியின் மெல்லிய மறுமுனையும் அந்த வேலைக்கு அமைந்தன. அங்கே விரைவையும் தாமதத்தையும் குறிக்கும் எழுத்துகள் இருந்தால் அவற்றைப் பின்பற்றி ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாமல், ஒரு நாள் பொறுத்துப் பார்த்து மீண்டும் திருப்புங்கள்.

இனிக் காதால் கேட்க வேண்டும். “டிக்”குக்கும் “டக்”குக்கும் இடையிலான இடைவெளி இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும்; நொண்டி நடைபோல் ஒலித்தால் கடிகாரம் சில நிமிடத்தில் நின்றுவிடும். ஒரு பக்கத்தின் அடியில் மெல்லிய அட்டையைச் செருகிப் பார்த்து, எந்தப் பக்கம் உயர்த்தினால் ஒலி சமமாகிறது என்று கண்டுபிடியுங்கள். அந்த அட்டையை நிரந்தரமாக விட்டுவைக்காமல், பெண்டுலத்தைத் தள்ளும் கவையை மெக்கானிக்கிடம் சொல்லிச் சரிசெய்துகொள்ளலாம்.

நான்காம் படி: சாவி கொடுத்தலும் காட்சி நடத்துதலும்

சாவி துளைக்குள் ஆடாமல் பொருந்த வேண்டும். தளர்ந்த சாவி சதுரமுனையை உருட்டிவிடும். முகப்பிலுள்ள இரண்டு துளைகளில் வலப்பக்கத்தது பெரும்பாலும் ஓட்டத்துக்கு, இடப்பக்கத்தது மணிக்கு. தடுப்புக் கொக்கியின் “கடகட” ஒலி கேட்கும் பக்கமே முறுக்கும் பக்கம். முறுக்கிய சாவியைக் கைவிட்டுவிடாமல், கொக்கி ஸ்பிரிங்கைத் தாங்கிப் பிடித்ததை உணர்ந்த பிறகே எடுங்கள். வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில் கொடுப்பது போதும். “அதிகமாகச் சாவி கொடுத்ததால் நின்றுவிட்டது” என்பது கடிகாரக் கடைகளில் நிலவும் பழைய நம்பிக்கை. முழுவதும் முறுக்கிய ஸ்பிரிங் எந்தக் கடிகாரத்தையும் நிறுத்தாது, பிசினாகக் காய்ந்த எண்ணெய்தான் நிறுத்தும்.

பெரிய முள்ளை முன்னோக்கி மட்டும் நகர்த்தி, ஒவ்வோர் அரைமணியிலும் நின்று, மணி அடித்து முடிக்க விடுங்கள். அடிக்கும் எண்ணிக்கை முள்ளோடு ஒத்துப்போகவில்லையா? பின்தகட்டில் விளிம்பு வெட்டுகளின் இடைவெளி படிப்படியாக அகன்றுகொண்டே போகும் ஒரு வட்டத் தகடு இருந்தால், அந்தப் பொறி முள்ளைப் பார்க்காமல் தன் வரிசைப்படியே எண்ணிக்கொண்டு போகும் வகை. மணி எத்தனை அடித்ததோ அந்த எண்ணுக்குச் சின்ன முள்ளை மட்டும் மெல்ல நகர்த்திவைத்து, பிறகு பெரிய முள்ளால் சரியான நேரத்துக்கு வாருங்கள்.

பாவைப் பொறிக்கு வேறு நியாயம். இதற்கான துளை பக்கவாட்டிலோ, அடியிலோ, பின்புறமோ இருக்கும். முதன்முறை இரண்டு மூன்று சுற்று மட்டும் கொடுத்து, காட்சியைத் தொடங்கிவைக்கும் நெம்புகோலை விடுவித்துப் பாருங்கள். முக்கல் முனகல் கேட்டால் உடனே நிறுத்துங்கள். விரலால் தள்ளி உதவக் கூடாது, ஏனெனில் நூறாண்டுப் பழைய கம்பி ஒரு முறை வளைந்தால் மறுமுறை ஒடியும். நன்றாக ஓடினாலும் மாதத்துக்குச் சில தடவைக்கு மேல் ஓட்டுவதை நான் விரும்பவில்லை. துணிக் கடல் ஒவ்வோர் அலைக்கும் ஒரே இடத்தில் மடிகிறது, அங்கேதான் கிழியும்.

இசைப்பெட்டி இருந்தால் பாட்டை முழுவதும் ஓட விட்டு, அது தானாக நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். பாதியில் நின்றால் உருளையின் முட்கள் எஃகுச் சீப்பின் பற்களைத் தூக்கிப் பிடித்தபடி இருக்கும்; அந்த நிலையில் இடம் மாற்றுவது ஆபத்து. இதைவிடப் பெரிய ஆபத்து, ஸ்பிரிங்கில் முறுக்கு இருக்கும்போது வேகத்தைக் கட்டுப்படுத்தும் சிறு விசிறியைக் கழற்றுவது. கட்டுப்பாடு இழந்த உருளை கண்ணிமைக்கும் நேரத்தில் சுழன்று முட்களையும் பற்களையும் ஒடித்துத் தள்ளிவிடும். தூசு தட்டுவதற்காகக்கூட அந்த விசிறியைத் தொடாதீர்கள்.

ஐந்தாம் படி: துடைத்தலும் பழுதுபார்த்தலும்

வெண்கல விளக்கைத் துலக்கும் பழக்கம் நம் கைகளில் ஊறியது. இங்கே அந்தப் பழக்கம்தான் பகை. புளி, விபூதி, பித்தளைப் பாலிஷ் எதுவும் பொன்முலாத்தின்மேல் படக் கூடாது. பாதரசத்தைக் கொண்டு ஏற்றிய பழைய பொன்முலாம் மிக மெல்லிய படலம், ஒரு முறை தேய்த்து எடுத்தால் திரும்ப வராது, கில்மே வகைக் கடிகாரங்களில் வேண்டுமென்றே ஏற்றிய கருமையும் போய்விடும். மென்மையான தூரிகையால் தூசு தட்டினால் போதும். கைரேகையின் உப்பு காலப்போக்கில் கறையாவதால் பருத்திக் கையுறை அணிவது நல்லது.

தையல் மிஷின் எண்ணெயும் தேங்காயெண்ணெயும் கடிகாரத்துக்குள் போகக் கூடாது. பறவையின் குழல் பிஸ்டனுக்கோ எந்த எண்ணெயும் கூடாது. அது உலர்ந்தே ஓட வேண்டியது, ஒரு சொட்டு பட்டாலும் தூசு ஒட்டிச் சுரம் கெடும். துருத்தித் தோலையும் அப்படியே விட்டுவிடுங்கள்.

பழுதுபார்ப்பவரைத் தேர்ந்தெடுக்கும்போது, முன்பு இத்தகைய பாவைப் பொறியைக் கழற்றிப் பூட்டியிருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் நேரம் காட்டும் பொறியை மட்டும் அவரிடம் கொடுக்கலாம், அதைத் தனியே வெளியே எடுக்க முடியும் என்பதே இந்த இரட்டை அமைப்பால் நமக்குக் கிடைக்கும் வசதி. பாவைப் பொறியில் வேலை தொடங்குவதானால் கழற்றும் முன்பு ஒவ்வொரு கம்பியும் எந்தத் துளையில் மாட்டியிருக்கிறது என்பதைப் படமெடுக்கச் சொல்லுங்கள். கிழிந்த கடல் துணியை மாற்றுவதைவிடப் பின்பக்கம் மெல்லிய பட்டு ஒட்டித் தாங்கச் செய்வது மேல். எதை மாற்றியே ஆக வேண்டியிருந்தாலும், கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி, தேதி எழுதி, ரசீதோடு சேர்த்து வையுங்கள். பிற்காலத்தில் விற்க நேர்ந்தால் விவரம் தெரிந்த எவரும் அந்த உறையைத்தான் முதலில் கேட்பார்.